பதினேழாம் எண்ணுக்கு மேடு இல்லை

தப்பு நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது. செய்தவர் தொப்பிக்காரர். செய்துவிட்டு, ஒரு காரியத்தைக் கச்சிதமாக முடித்த திருப்தியோடு டீ குடிக்கப் போனார் என்பதுதான் இதில் வேடிக்கை.

தொப்பிக்காரர் என்பது ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு விழுந்த பெயர். அவர் தலையில் தொப்பி கிடையாது. முடியும் அவ்வளவாகக் கிடையாது. அடுத்தவர் தலையில் தொப்பி மாட்டுவதுதான் வேலை. இழுத்தால் நீளும் துணித் தொப்பி. அதில் அறுபத்து நான்கு ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மின்முனை. மழுங்கின ஊசியால் ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஜெல் விட்டு, தலைத்தோலை லேசாகச் சுரண்டி, திரையில் சிவப்பாக இருக்கும் புள்ளியெல்லாம் பச்சையாகும்வரை வந்தவரிடம் எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். "ஊர்ல பாதிப் பேர் தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும். என் தலைக்குள்ளதான் காத்து ஓடுது" என்பது அவருடைய நிரந்தர ஜோக். இதற்குச் சிரிக்காதவர்களுக்கு ஜெல்லைக் கொஞ்சம் கூடுதலாக விடுவார் என்று ஒரு வதந்தி உண்டு. அது உண்மைதான்.

சோதனை ரொம்பச் சாதாரணம். வந்தவருக்கு முதலில் நூறு படங்களைக் காட்டுவார்கள். குடை, நாற்காலி, பூட்டு, கத்தரிக்கோல். கொஞ்ச நேரம் ஓய்வு. பிறகு அதே நூறோடு புதிதாக நூறைக் கலந்து, ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்பார்கள்: இதைப் பார்த்தீர்களா, இல்லையா? பார்த்திருந்தால் இடது பட்டன், இல்லையென்றால் வலது. பட்டன் விரல் சொல்வது. தொப்பி மூளை சொல்வது. இரண்டும் ஒன்றேதானா என்பதுதான் ஆராய்ச்சி.

வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அன்று வரவேண்டிய பதினேழாம் எண் ஒரு தையல் டீச்சர். தொப்பிக்காரர் கணினியில் '17' என்று அடித்து எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தபோது அந்த அம்மா போன் செய்து, பஸ் பழுதாகி நடுரோட்டில் நிற்கிறது, ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார். முந்தின நாள்தான் தொப்பியில் இரண்டு ஒயர் மாற்றியிருந்தார். ஒயர் மாற்றினால் யாராவது ஒருவர் உட்கார்ந்து முழுச் சோதனையையும் முடித்துப் பார்க்க வேண்டும். அந்த யாராவது ஒருவர் எப்போதும் இவர்தான். கண்ணாடி முன்னால் நின்று தன் தலைக்குத் தானே ஜெல் விட்டுக்கொண்டு, உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் பட்டன் அழுத்திவிட்டு எழுந்தார்.

அவருடைய இந்தச் சோதனை ஓட்டங்களுக்கெல்லாம் '00' என்று ஒரு பொது எண். யாரும் திறந்து பார்க்காத குப்பைக்கூடை. எழுந்த பிறகுதான் கட்டத்தில் இன்னும் '17' இருப்பதைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு '00' என்று மாற்றினார். கல்யாணம் முடிந்த பிறகு பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைத் திருத்தியதைப் போல. அந்த இயந்திரத்துக்குப் பின்னால் போகும் பழக்கம் இல்லை. மாற்றிய எண் அடுத்து உட்காருகிறவருக்குத்தான். இவருடைய பதிவு '17' என்று உள்ளே போய்விட்டது. டீ குடித்துவிட்டு வந்து, எண்ணைத்தான் ஏற்கெனவே அடித்தாயிற்றே என்ற தைரியத்தில் நேரே ஊசியைக் கையில் எடுத்தார். தையல் டீச்சர் குப்பைக்கூடைக்குப் போனார்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். எல்லோரும் என்றால் இருவர்: தொப்பிக்காரர் ஒருவர், பதிவுகளைச் சுத்தம் செய்து சராசரி எடுக்கும் பெண் இன்னொருவர். அவளை அலை என்று கூப்பிடுவார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்காத டாக்டர், ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி.

"பதினேழைப் பாருங்க மேடம்" என்றாள் அலை.

ஏற்கெனவே பார்த்த படம் ஒன்று எதிரே வந்தால், ஒரு விநாடிக்குள் மூளையின் மின் அலை இரண்டு தடவை ஏறி இறங்கும். அதைத்தான் அவர்கள் மேடு என்பார்கள். முதல் மேடு நெற்றிப் பக்கம்: எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே. அடுத்தது சற்றுப் பின்னால், இடது காதுக்கு மேலே: அட, அன்றைக்கு, அந்த இடத்தில், இதைத்தானே பார்த்தோம். ஒரு விசேஷ வீட்டில் எதிரே வருகிறவரைப் பார்த்துச் சிரிப்பது முதல் மேடு. பையனுக்கு வேலை கிடைத்ததா என்று விசாரிப்பது இரண்டாவது மேடு.

"முதல் மேடு இருக்கு" என்றார் டாக்டர். "ரெண்டாவது எங்க?"

"அதான் இல்லை. இஸ்திரி போட்ட மாதிரி கிடக்கு."

"பட்டன்?"

"பாத்ததுக்கெல்லாம் பெரும்பாலும் 'பாத்தேன்'. பாக்காததுக்கும் 'பாத்தேன்' நிறைய இருக்கு. தெரிஞ்ச மாதிரி இருந்தாலே அழுத்திடறாங்க."

"அவங்க வீட்டுக்காரர் குடுத்து வெச்சவர் மேடம்" என்றார் தொப்பிக்காரர். "நேத்துப் போட்ட சண்டை இன்னைக்கு இருக்காது. தினமும் புதுப் பொண்டாட்டி."

அலை சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. "முதல் மேட்டை மட்டும் வெச்சுக்கிட்டு ஒருத்தர் ரொம்ப காலம் ஓட்டிடலாம். சிரிச்சுப் பேசி, தமாஷ் பண்ணி, யாருக்கும் தெரியாம. அவங்களுக்கே தெரியாம." திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒயர் லூசா இருந்திருக்குமா?"

"பச்சை வராம நான் ஆரம்பிக்கவே மாட்டேன் மேடம். அதுவும் அன்னைக்கு, ஒயர் மாத்தி, நானே போட்டுப் பாத்த தொப்பி." இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்போ அவங்களைக் கூப்பிடுங்க. மறுபடி எடுக்கணும். விஷயம் எதுவும் சொல்ல வேண்டாம். வீட்ல யாரையாவது கூட்டிட்டு வந்தா நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க."

தையல் டீச்சர் இரண்டாவது மணியிலேயே போனை எடுத்தார். பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"மறுபடியா? எதுக்கு?"

"ஒண்ணுமில்லம்மா, சின்ன மெஷின் கோளாறு. வரும்போது வீட்ல யாராவது கூட வந்தா…"

"மெஷின் கோளாறுக்கு எதுக்குங்க துணைக்கு ஆளு? மெஷினைத் தூக்கவா?"

தொப்பிக்காரர் சிரித்தார். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. தையல் இயந்திரங்களும் ஒவ்வொன்றாக நின்றன.

"இத பாருங்க சார். நான் முப்பது வருஷமா அளவெடுக்கக் கத்துக்குடுக்கறேன். டேப்பை வெக்கும்போது ஒருத்தி மூச்சைப் பிடிச்சா எனக்குத் தெரிஞ்சிரும். நீங்க இப்போ பிடிச்சுக்கிட்டுப் பேசறீங்க. என் தலையில என்ன?"

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் வந்தவர் ஒருவரிடம் அவர் சத்தியம் வைத்துச் சொன்ன முதல் பொய். வியாழக்கிழமை வருவதாகச் சொன்ன பிறகும் டீச்சர் போனை வைக்கவில்லை. "எங்கம்மாவுக்குக் கடைசி ஏழு வருஷம் நான் யாருன்னு தெரியாது" என்றார். அதற்குப் பிறகுதான் வைத்தார்.

அந்த அம்மாவுக்காக ஏதாவது செய்ய முடியுமா என்றுதான் தொப்பிக்காரர் பதினேழின் மூலப் பதிவைத் திறந்தார். சராசரி எடுப்பதற்கு முந்தைய, குப்பையும் கூளமுமான அலைகள். எங்காவது ஒரு ஒயர் ஆட்டம் கண்டிருந்தால் போதும், பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளலாம். ஒயர்கள் எல்லாம் சுத்தம். கண் சிமிட்டல்கள்தான் வழக்கம்போல் பெரிய பெரிய குமிழாகத் தெரிந்தன. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் இரண்டிரண்டு குமிழ். ஒட்டகத்தின் இரட்டைத் திமில் மாதிரி.

எங்கேயோ பார்த்த சிமிட்டல்.

யாரென்று பிடிபடவில்லை. திரையை நகர்த்தினார். திமில், திமில். இப்படிச் சிமிட்டும் ஆள் ஒருவர் இங்கே அடிக்கடி வருவாரே, நல்லாத் தெரிந்த ஆளாயிற்றே, பெயர் நாக்கு நுனியில் நிற்கிறதே என்று மண்டையைச் சொறிந்தபடி நாலைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். கண் உலர்ந்து போய்ச் சிமிட்டினார். ஒரு தடவை. உடனே இன்னொரு தடவை.

நாற்காலியை யாரோ பின்னாலிருந்து இழுத்தது போல் இருந்தது.

கடைசி '00'ஐத் திறந்தார். அங்கே ஒழுங்கான ஒற்றைச் சிமிட்டல்கள். பதிவான நேரம் பதினொன்றே முக்கால். அவசரமாகச் சராசரி எடுத்துப் பார்த்தார். இடது காதுக்கு மேலே, இரண்டாவது மேடு கோபுரம் மாதிரி நின்றது. தையல் டீச்சர் வாழ்நாளில் எந்தக் கத்தரிக்கோலையும் மறக்கப் போவதில்லை.

வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன? வியாழக்கிழமை டீச்சர் வருவார், மேடு எழும்பும், மெஷின் கோளாறு என்று டாக்டர் பழைய பதினேழைத் தூக்கிப் போடுவார், கதை முடிந்தது. ஒருவருக்கும் தெரியாது. மத்தியானம் முழுக்க அந்த யோசனையை, சட்டைப் பையில் போட்ட ஐஸ்கட்டியைப் போல வைத்துக்கொண்டு அலைந்தார். ஆனால் வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் அந்த அம்மா தன் அம்மாவை நினைத்துக்கொண்டே ஊசியில் நூல் கோப்பார். மூன்றரை மணிக்கு டாக்டர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"மேடம், அந்தப் பதினேழு… தினமும் புதுப் பொண்டாட்டின்னு சொன்னேனே. அந்தக் குடுத்து வெச்சவன் நான்தான்."

டாக்டர் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகம் சட்டென்று தெளிந்தது. "அட, நீங்க இந்தப் படங்களை எத்தனை தடவை பாத்திருப்பீங்க? குடை, பூட்டு எல்லாமே உங்களுக்குப் பழசு. புதுசுன்னு ஒண்ணு இருந்தாத்தானே பழசுக்கு மேடு தெரியும்? இதுக்கா முகத்தை இப்படி வெச்சுக்கிட்டிருக்கீங்க?"

தொப்பிக்காரருக்குக் கால் தரையில் படவில்லை. வராந்தாவிலேயே நின்று தையல் டீச்சருக்குப் போன் செய்து, உங்களுக்கு ஒன்றுமில்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னார். காத்து ஓடும் ஜோக்கையும் சேர்த்துச் சொன்னார்.

மறுநாள் காலை அலை ஏதோ ஒரு கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் வந்ததும் படக்கென்று மூடினாள்.

"என்ன, காதல் கடிதமா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"காட்டு."

"வேண்டாம்ணே."

அவர் விடவில்லை. அவள் திறந்தாள். குப்பைக்கூடையில் கிடந்த '00' பதிவுகள், ஆறு வருடத்துக்கானவை, பதினான்கு. எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்து வரிசையாக அடுக்கியிருந்தாள். தையல் டீச்சருடையதை மட்டும் நீக்கியிருந்தாள், மற்றதெல்லாம் அவர் தலை. அதே குடை, அதே பூட்டு, அதே இரட்டைத் திமில். டாக்டர் சொன்னது சரியென்றால் ஒன்றில்கூட மேடு இருந்திருக்கக் கூடாது. ஆறு வருடத்துக்கு முந்தினதில் அழகாக ஒரு மேடு இருந்தது. சற்று முன்னால் காட்டிய படத்தை, எப்போதோ காட்டிய படத்திலிருந்து அந்தத் தலை பிரித்துத் தெரிந்துவைத்திருந்தது. அடுத்ததில் கொஞ்சம் குறைவு. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். யாரோ ஒவ்வொரு தடவையும் வந்து, ஒரு கூடை மண்ணை மட்டும் அள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் போயிருந்தார்கள். கடைசி மூன்றும் சமதரை.

"இது என்னது?"

"தொப்பி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நகர்ந்திருக்கும்ணே."

"பதினாலு தடவையும் ஒரே பக்கமா நகருமா?"

அலை கீழே பார்த்தாள். "சாப்பிட்டீங்களாண்ணே?" என்றாள்.

அவர் அதை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டர் அந்த வரிசையை வெகுநேரம் பார்த்தார். "நம்ம முறை கூட்டத்தைப் பத்திச் சொல்லும். தனி ஆளைப் பத்தி எதுவும் சொல்லாது. அது உங்களுக்கே தெரியும்."

"பதினேழு தையல் டீச்சரா இருந்தப்போ சொல்லுச்சே மேடம்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "எதுக்கும் ஒரு நரம்பு டாக்டரைப் பாத்துட்டு வந்துடுங்களேன். சும்மா."

உலகத்தில் எவனும் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சும்மா போனதில்லை. இதைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். வெளியே வந்தபோது, பாவம், அந்தத் தையல் டீச்சர் இன்னும் பயந்துகொண்டிருப்பாரே என்று உறைத்தது. வராந்தாவில் நின்று போன் செய்தார்.

"அம்மா, நல்ல செய்தி. உங்களுக்கு ஒண்ணுமே இல்லை. தப்பு முழுக்க என்னுது. ஊர்ல பாதிப் பேர் தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும்…"

"உங்க தலைக்குள்ளதான் காத்து ஓடுது" என்று டீச்சர் முடித்தார். குரல் மெதுவாக இருந்தது. "சார், நேத்து சாயங்காலமே சொல்லிட்டீங்க."

"நேத்தா?"

"இன்னைக்குக் காலையிலயும் சொன்னீங்க. நான்தான் புதுசாக் கேக்கற மாதிரியே கேட்டுக்கிட்டேன். இப்ப மூணாவது தடவைங்கறதால சொல்றேன். தப்பா நினைச்சுக்காதீங்க. சார், உங்க வீட்ல யார் இருக்காங்க?"

போனில் அந்த எண் மூன்று தடவை வரிசையாக இருந்தது. நேற்று மூன்று ஐம்பது. இன்று காலை எட்டே முக்கால், நான்கு நிமிடம். இப்போது. நான்கு நிமிடம் என்பது நிறைய நேரம். எட்டே முக்காலுக்கு அவர் எங்கே நின்று பேசினார், பஸ்ஸிலா, வாசலிலா? உள்ளே போய்த் தேடிப் பார்த்தார். சமதரை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவிக்கு அந்த வாரம் விடுமுறை. பால்கனிக் கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, சீக்கிரம்? வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?"

"இன்னும் இல்லை." கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இந்தச் சாக்ஸுக்கு ஜோடி எங்கேன்னு நான் கேக்கறேன், அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க."

"எனக்கு மறந்து போகுதா?"

"யாருக்குத்தான் மறக்கலை? நேத்து நானே அடுப்பை…"

"யாருக்குன்னு கேக்கலை. எனக்கான்னு கேட்டேன்."

"வயசாகுதுல்ல. காபி போடட்டுமா?"

"உக்காரு." அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளை உட்கார வைத்தது. "காலையிலேருந்து மூணு பேர்கிட்ட போயிட்டு வரேன். ஒருத்தி சாப்பிட்டீங்களான்னா. ஒருத்தங்க கண்ணாடியைத் தொடைச்சாங்க. மூணாவதா ஒருத்தங்க, எனக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை, உங்க வீட்ல யார் இருக்காங்கன்னு கேட்டாங்க. என் வீட்ல நீதான் இருக்கே. நான் தமாஷ் பண்ணலை. நீயும் பண்ணாதே."

மனைவி கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். அதை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், இனி மடிக்க முடியாது என்னும் அளவுக்கு மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கீழே தெருவில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை, மறுபடியும் முயன்றார்கள்.

"ஆமா" என்றாள்.

அவர் தலையாட்டினார். அவள் அவரைப் பார்க்காமல், ஆனால் நிறுத்தாமல், ரொம்ப நாளாக உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துப் பழகின மாதிரி சொன்னாள்.

"போன வருஷம் மழை ஆரம்பிச்சதுலேருந்து. எங்கண்ணன் போனப்போ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நீங்கதான் ஓடுனீங்க. என்னைப் பிடிச்சுக்கிட்டு நின்னதும் நீங்கதான். ஒரு மாசம் கழிச்சு சாப்பிடும்போது, மச்சான் ஏன் போனே பண்றதில்லைன்னு கேட்டீங்க. சொன்னேன். முதல் தடவை கேக்கற மாதிரி அழுதீங்க. மறுபடியும் ஒரு நாள் கேட்டீங்க. இன்னொரு தடவை உங்களை அழ வெக்க எனக்குத் தெம்பு இல்லைங்க. வெளியூர் போயிருக்கான், நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன். சரி, வந்தா வரச்சொல்லுன்னீங்க. அதுலேருந்து அப்படியேதான் சொல்லிக்கிட்டிருக்கேன். போன ஞாயித்துக்கிழமையோட அஞ்சு தடவை."